பெட்டிக்குள் நூலகம்: பிள்ளைகள் வாசிக்கப் பழக மின்நூலகம் எங்கே உதவும், எங்கே கைவிடும்

பெரு நாட்டு அரசு தன் ஏழைக் கிராமப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் சின்ன மடிக்கணினிகளை வாங்கி அனுப்பியது. ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்று அப்போது உலகமெங்கும் பேசப்பட்ட திட்டம். ஒவ்வொரு கணினிக்குள்ளும் சுமார் 200 புத்தகங்களை ஏற்றியிருந்தார்கள். வீட்டில் ஐந்து புத்தகத்துக்கு மேல் வைத்திருந்த பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான். இடை-அமெரிக்க வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 300க்கும் மேற்பட்ட பள்ளிகளில் பதினைந்து மாதம் கழித்து அளந்து பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மொழிப்பாட மதிப்பெண் கூடவில்லை. கணக்கிலும் கூடவில்லை. வாசிக்கும் பழக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இருநூறு புத்தகம் மடியில் இருந்தும் பிள்ளை ஏன் வாசிக்கவில்லை என்பது புரிந்தால், மின்நூலகம் என்றால் என்ன என்பது பாதி புரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கான மின்நூலகத்தில் நான்கு சங்கதிகள் உண்டு. பிள்ளைக்குத் தெரிந்த மொழியில், அதன் திறனுக்கு ஏற்ற புத்தகங்கள். அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏதோ ஒரு வழி: இணையம், மெமரி கார்டு, ஒரு சின்னப் பெட்டி. பார்க்க ஒரு திரை. நான்காவது, வாசிப்பதற்கென்றே ஒதுக்கிய நேரமும் பக்கத்தில் உட்கார ஒரு பெரியவரும். திட்டப் பணம் பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் செலவாகிறது. புகைப்படத்தில் அழகாகத் தெரிவது அவைதானே. பிள்ளையின் வாசிப்பை நகர்த்துவதோ முதலும் நான்காவதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதைப்புத்தகம் எழுத்து கற்றுத்தராது. ‘க’வுக்கும் ‘த’வுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை முன்னால் ஆயிரம் படக்கதையைத் திறந்து வைத்தாலும் அது படம்தான் பார்க்கும். எழுத்தைப் படிப்படியாகச் சொல்லித்தருவது ஆசிரியரின் வேலை. நூலகத்தின் வேலை அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல்லை மறந்துவிடும். அந்தத் தடங்கல் தீர ஒரே வழி நிறைய வாசிப்பதுதான். அதுவும் வேறு வேறு புத்தகமாக இருக்க வேண்டும். ஒரே பாடநூலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நான்காம் முறை பிள்ளை பக்கத்தைப் பார்க்காமலே ஒப்பித்துவிடும். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதிலும் ஓர் எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகள் பாதிக்கு மேல் என்று 2019இல் கணக்கிட்ட உலக வங்கி, கொரோனா பள்ளி மூடலுக்குப் பிறகு 2022இல் அதை 70 சதவீதம் என்று மதிப்பிட்டது. இந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்குப் போகிறவர்கள்தான்.

புத்தகம் எங்கிருந்து வருகிறது

சின்ன மொழிகளில் சிறுவர் நூல் ஏன் குறைவு என்பதற்குக் காரணம் அச்சகக் கணக்கு. வண்ணப்படப் புத்தகத்தை ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் ஒரு படியின் விலை இறங்கும். இரண்டு லட்சம் பேர் மட்டுமே பேசும் மொழியில் அத்தனை படியை யார் வாங்குவார்கள்? அதனால் பதிப்பாளர்கள் பெரிய மொழிகளோடு நின்றுவிடுகிறார்கள். மின்நூலில் படம் வரையும் செலவு ஒரே முறைதான். அதன்பின் மொழிக்கு மொழி எழுத்தை மாற்றிக்கொண்டே போகலாம். என்னைக் கேட்டால், மின்நூலகத்தின் மெய்யான லாபம் இந்த ஒன்றுதான். திரையின் பளபளப்பில் எதுவும் இல்லை.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவற்றில் இரண்டைச் சொல்லலாம். தென்னாப்பிரிக்காவின் சேய்டு அமைப்பு நடத்தும் ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் இன்று 200க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளில் கதைகள் இருக்கின்றன. கென்யா, உகாண்டா ஆசிரியர்களே எழுதியவையும் மொழிபெயர்த்தவையும் அவற்றில் உண்டு. பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8 அன்று, அனைத்துலக எழுத்தறிவு நாளில், ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்தது. அப்போது 24 மொழிகள். இப்போது 300க்கும் மேல். தமிழ்க் கதைகளும் கணிசமாக இருக்கின்றன. ஏசியா ஃபவுண்டேஷனின் ‘லெட்ஸ் ரீட்’, நார்வே அரசின் உதவியோடு 2018இல் தொடங்கிய குளோபல் டிஜிட்டல் லைப்ரரி ஆகியவையும் இதே வகை.

இவற்றிலிருந்து எடுக்கும்போது உரிமத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற திறந்த உரிமம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் வகைகள் உண்டு. சிசி-பை என்று இருந்தால் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டு நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். கூடவே ‘என்சி’ இருந்தால் வணிக நோக்கம் கூடாது. ‘என்டி’ இருந்தால் மாற்றக் கூடாது, அதாவது மொழிபெயர்க்கவே கூடாது. ஸ்டோரிவீவரும் ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக்கும் பெரும்பாலும் சிசி-பை. ‘இலவசமாகத்தானே கிடைத்தது’ என்று கண்ட இடத்திலிருந்து பிடிஎஃப் இறக்கிச் சேர்த்தால், திட்டம் வளர்ந்து அரசிடம் போகும் நாளில் மொத்தத் தொகுப்பையும் தூக்கிப்போட வேண்டிவரும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பு, மொழி, வாசிப்பு நிலை, உரிமம், எடுத்த இடம் என ஐந்து கட்டத்தில் ஓர் அட்டவணை முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

நிலை என்பது சொல்லெண்ணிக்கை மட்டும் இல்லை

ஸ்டோரிவீவரில் நான்கு வாசிப்பு நிலைகள். முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள், இரண்டாவது சுமார் 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கும் மேல். தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கம் தன் அச்சுப் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று பிரித்தது. எண்ணைவிட இது நல்ல பெயரிடல். ‘நீ இரண்டாம் நிலை’ என்று கேட்கும் பிள்ளையின் முகம் சுருங்கும். ‘நட’ என்றால் சுருங்காது.

சிக்கல் மொழிபெயர்ப்பில் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் ‘உன்னை நேசிக்கிறேன்’ என்பதை செசோத்தோ மொழியில் ‘கே அ உ ராட்டா’ என்று நான்கு சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள். அதே நாட்டின் ஸூலு மொழியில் அதே பொருள் ‘ங்கியாகுதாண்டா’ என்று ஒரே சொல். ஆக, ஒரே கதை செசோத்தோவில் 200 சொல்லாக இருந்தால் ஸூலுவில் அதைவிட வெகு குறைவாகத்தான் இருக்கும். சொல்லெண்ணிக்கையைப் பார்த்து ‘ஸூலுவில் இது எளிது’ என்று முடிவு கட்டினால் தப்பு. ஒவ்வொரு சொல்லும் பிள்ளைக்கு ஒரு மலை.

தமிழும் ஸூலு பக்கம்தான். ஆங்கிலத்திலிருந்து வந்த முதல் நிலைக் கதையொன்றில் பூனை ‘கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது’ என்று இருக்கும். இரண்டே சொல். ஆனால் இரண்டாவது சொல்லை எழுத்தெழுத்தாக எண்ணுங்கள்: ஒ, ளி, ந், து, கொ, ண், டி, ரு, க், கி, ற, து. பன்னிரண்டு. எழுத்துக்கூட்டும் பிள்ளை ‘கொண்’ வரைக்கும் வந்து மூச்சு வாங்கும். ‘பூனை எங்கே? கட்டிலுக்குக் கீழே.’ என்று வைத்தால் அதே படம், அதே கதை, வாசித்துவிடும். நிலை பிரிக்கும்போது சொல்லை மட்டும் எண்ணாமல் மிக நீளமான சொல்லில் எத்தனை எழுத்து என்றும் பாருங்கள். முதல் நிலைக்கு ஆறேழு எழுத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்கு வகுத்த அளவுகோலைத் தமிழுக்கும் ஸூலுவுக்கும் அப்படியே பிடிப்பதும் இதே காரணத்தால்தான் தப்பு.

எழுத்துருவையும் கவனிக்க வேண்டும். மியான்மரில் ஸாஜி என்ற பழைய குறியாக்கத்தில் தட்டிய நூல்கள், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்தில் இயங்கும் கருவியில் திறந்தால் குதறிப்போயிருக்கும். 2019 அக்டோபர் 1இல்தான் நாடே அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. தமிழிலும் பாமினி போன்ற எழுத்துருவில் செய்த பழைய கோப்புகளுக்கு இதே கதி. பிடிஎஃப் ஆக இருந்தால் எழுத்துரு உள்ளேயே பதிந்திருப்பதால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் தேடலில் அகப்படாது, பெரிதாக்கினால் வரி மடங்காது, சத்தமாக வாசிக்கும் செயலிக்குப் புரியாது.

இணையம் இல்லாத பள்ளியில்

‘மின்நூலகம் என்றால் நெட் வேண்டுமே’ என்பதுதான் தலைமையாசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி. வேண்டாம். நகரத்தில் ஒரு முறை இறக்கிக்கொண்டு வந்தால் போதும். படம் சுருக்கிய ஒரு சிறுவர் கதை ஏறத்தாழ 2 முதல் 10 எம்பி. சராசரி 5 என்று வைத்தால் ஆயிரம் கதைக்கு 5 ஜிபி. ஒரு 32 ஜிபி மெமரி கார்டில் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கும். அச்சுக்கென்று கொடுத்திருக்கும் கோப்பை மறந்தும் இறக்காதீர்கள். ஒரே கதை பல பத்து எம்பி இருக்கும், விலை குறைந்த டேப்லெட்டில் பக்கம் திரும்பவே திணறும்.

ஆயிரம் கதையைப் பத்து டேப்லெட்டில் தனித்தனியாக ஏற்றினால் புதிதாகப் பத்துக் கதை சேர்க்க வேண்டிய நாளில் பத்துக் கருவியையும் திறக்க வேண்டும். அதனால் நடுவில் ஒரு பெட்டி வைப்பது வழக்கம். அது பழைய லேப்டாப்பாக இருக்கலாம், ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினிப் பலகையாகவும் இருக்கலாம். அதில் லேர்னிங் ஈக்குவாலிட்டி அமைப்பின் இலவச மென்பொருளான கோலிப்ரியைப் போட்டுவிட்டால், அதே வைஃபையில் இணைந்த எந்தக் கருவியும் பிரௌசரைத் திறந்து கதைகளைப் பார்க்கலாம். வெளி இணையமே தேவையில்லை.

போடும் வரிசை இப்படி. நெட் இருக்கும் இடத்தில் லேப்டாப்பில் கோலிப்ரியை நிறுவுங்கள். நிர்வாகி கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் இடமாறுதலில் போவார். அடுத்து ‘சேனல்’ என்ற தொகுப்புப் பட்டியலில் ஸ்டோரிவீவரோ ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக்கோ தேர்ந்தெடுங்கள். முழுச் சேனலையும் இறக்காமல் உங்கள் மொழி இருக்கும் பகுதியை மட்டும் டிக் செய்யுங்கள். கென்யாவில் கிஸ்வாஹிலி வேண்டிய பள்ளி முழுதையும் இறக்கினால் இரண்டு நாள் ஆகும், பிறகு பிள்ளை நூறு மொழிக்கு நடுவில் தன் மொழியைத் தேடும். இறக்கியதை யூஎஸ்பி டிரைவுக்கு ஏற்றுமதி செய்தால் அடுத்த பள்ளிக்கு நெட் செலவே இல்லாமல் எடுத்துப் போகலாம்.

பிறகு வகுப்பை உருவாக்கிப் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்கவும். அமைப்புகளில் மாணவருக்குக் கடவுச்சொல் தேவையில்லை என்று மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாத வகுப்பில் முப்பது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் கடவுச்சொல்லிலேயே கரைந்துபோகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆங்கில விசைப்பலகையில் தன் பெயரைத் தட்டுவதே ஒரு தேர்வு. கடைசியாக, டேப்லெட் பிரௌசரில் பெட்டியின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். 192.168 என்று தொடங்கும் எண்ணுக்குப் பின்னால் 8080 என்று இருக்கும். திறந்ததும் அதை முகப்புத் திரையில் குறுக்குவழிச் சின்னமாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று நினைக்கும்போதுதான் ஆண்ட்ராய்டு தன் புத்தியைக் காட்டும். வைஃபையில் இணைந்தும் இணையம் இல்லை என்று கண்டதும் ‘இதில் நெட் இல்லை, தொடரவா?’ என்று கேட்கும். பிள்ளை ‘வேண்டாம்’ என்று அழுத்தினால் இணைப்பு அறுந்துவிடும். சிம் போட்ட கருவியாக இருந்தால் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவும்; பக்கம் திறக்காது. ‘பெட்டி கெட்டுவிட்டது’ என்று வரும் புகாரில் பெரும்பகுதி இதுதான். சிம்மைக் கழற்றிவிடுங்கள், முதல் முறை இணைக்கும்போது ‘எப்போதும் தொடர்க’ என்பதை நீங்களே அழுத்திவிடுங்கள்.

ராஸ்பெர்ரி பையின் சொந்த வைஃபை ஏழெட்டுக் கருவி வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் போனால் தனியாக ஒரு சாதாரண ரவுட்டர் வேண்டும். மின்சாரம் பட்டென்று போனால் அதன் மெமரி கார்டு கெட்டுப்போகும். முழுக் கார்டின் நகல் ஒன்று பீரோவில் இருந்தால் பத்து நிமிட வேலை, இல்லாவிட்டால் நகரத்துக்கு ஒரு நாள் பயணம். இன்னொன்றும் உண்டு. பை 4 வரைக்குமான பலகைகளில் கடிகார பேட்டரி கிடையாது. நெட்டும் இல்லையென்றால் அது நேரத்தைப் பழைய தேதியிலிருந்தே எண்ணும். மாதக் கடைசியில் ‘யார் எப்போது வாசித்தார்கள்’ என்று பார்த்தால் தேதியெல்லாம் தப்பாகக் காட்டும். தனிக் கடிகாரச் சில்லு ஒன்றை மாட்டிவிட்டால் தீர்ந்தது.

மின்சாரக் கணக்கு பயப்படும் அளவு இல்லை. பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து சுமார் 10 வாட். 12 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரியில் 240 வாட்-அவர் இருக்கும்; பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால் 120தான் கணக்கு. வழியில் ஆகும் இழப்பு போக 100 என்று வைத்தாலும் பத்து மணி நேரம் ஓடும். டேப்லெட் ஒன்று வாசிக்கும்போது மணிக்கு 4 வாட்-அவர் அளவில் தின்னும். பத்து டேப்லெட் தினம் ஒரு மணி நேரம் என்றால் இழப்போடு 50 வாட்-அவர். பெட்டி ஆறு மணி நேரம் ஓட 60. மொத்தம் 110. நல்ல வெயிலில் 50 வாட் சூரியப் பலகை சமாளிக்கும். மழைக்காலத்தை நினைத்து 100 வாட் வாங்குங்கள், டேப்லெட்டுகளை வெயில் இருக்கும்போதே சார்ஜில் போடுங்கள்.

திரை

கானாவின் கிழக்கு மண்டலப் பள்ளிகளில் வேர்ல்டுரீடர் அமைப்பு 2010–11இல் கின்டில் என்ற மின்நூல் வாசிப்புக் கருவிகளைக் கொடுத்துச் சோதித்தது. காகிதம் போலத் தெரியும் அதன் மின்தாள் திரை கண்ணை உறுத்தாது, சார்ஜ் பல நாள் நிற்கும், வெயிலிலும் தெரியும். எல்லாம் சரி. ஆனால் ஓராண்டுக்குள் ஐந்தில் இரண்டு கருவிகள் வாக்கில் உடைந்தன. திரைக்கு அடியிலுள்ள கண்ணாடி மெல்லிசு. பையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் போதும். அந்த அமைப்பு பிறகு உறுதியான உறைகளையும் கைபேசி வழியையும் நோக்கிப் போனது. இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: பத்துக் கருவிக்குத் திட்டமிட்டால் பன்னிரண்டு வாங்குங்கள், ரப்பர் உறை இல்லாமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். உண்மையில் திரையைவிட அதிகம் கெடுவது சார்ஜ் கேபிளும் அதைச் செருகும் துளையும்தான். பிள்ளைகள் செருக வேண்டாம். ஒரு பெரியவரோ பெரிய வகுப்பு மாணவரோ செய்யட்டும்.

கருவி உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தெளிவாக வைக்காத இடங்களில் டேப்லெட் உடைவதே இல்லை. பீரோவை விட்டு வெளியே வந்தால்தானே உடையும்! ஆசிரியரின் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் ஒன்றே ஒரு நூலகத்தை மூடிவிடும். ஆண்டுக்கு இத்தனை உடையலாம் என்று முன்கூட்டியே அனுமதித்துவிடுங்கள்.

ஆசிரியரே இல்லாமல் திரை மட்டும் என்ன செய்யும் என்பதற்கும் ஒரு சோதனை நடந்தது. 2017 முதல் 2019 வரை தான்சானியாவின் டாங்கா பகுதியில், குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் என்ற கல்வி மென்பொருள் போட்டிக்காக 170 கிராமங்களில் சுமார் 2,700 பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். ஊருக்கு ஒரு சூரிய சார்ஜ் நிலையம். பிள்ளைகளில் 74 சதவீதம் பள்ளிக்கே போகாதவர்கள், 90 சதவீதத்துக்கு மேல் கிஸ்வாஹிலியில் ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாதவர்கள். பதினைந்து மாதத்தில் அப்படித் தெரியாதவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் இரண்டு குறிப்பு. அங்கே இருந்தது வெறும் கதைப் பெட்டி இல்லை; எழுத்தொலியிலிருந்து படிப்படியாகச் சொல்லித்தரும் மென்பொருள். அப்படியிருந்தும் பாதிப் பேர் ஒரு சொல்லும் வாசிக்காமல்தான் நின்றார்கள். பள்ளியே இல்லாத ஊருக்கு இது வரம். ஆசிரியர் இருக்கும் வகுப்பில் அவரை ஓரம்கட்ட இது காரணமாகாது.

அரை மணி நேரம்

நாற்பது பிள்ளைகள், பத்து டேப்லெட். ஒரு கருவிக்கு இருவர் என்று உட்காரவைத்தால் இருபது பேர். மீதி இருபது பேர் அன்று அச்சுப் புத்தகம். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கருவிக்கு ஒருவர் என்பதைவிட இருவர் நல்லது, ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பார்ப்பார். மூவர் என்றால் மூன்றாமவர் ஜன்னலைப் பார்ப்பார்.

முதல் ஐந்து நிமிடம் ஆசிரியரே ஒரு கதையைச் சத்தமாக வாசிக்கட்டும். புரொஜெக்டர் இருந்தால் சுவரில் காட்டலாம். டேப்லெட் பத்து வாங்கும் பணம் இல்லாத பள்ளி ஒரே ஒரு லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் வைத்து இதை மட்டுமே செய்தாலும் பாதிக் கிணறு தாண்டிவிடும். அடுத்த பதினைந்து நிமிடம் இணையாக வாசிப்பு. அன்றைக்குரிய நான்கைந்து கதைகளை மட்டும் கோலிப்ரியில் ‘பாடம்’ ஆக்கி வையுங்கள். ஆயிரம் கதையையும் திறந்துவிட்டால் பிள்ளை அட்டைப்படம் பார்த்தே நேரத்தைத் தள்ளிவிடும். கடைசிப் பத்து நிமிடம் பேச்சு: கதையில் என்ன நடந்தது, உனக்கு என்ன பிடிக்கவில்லை, அடுத்து என்ன ஆகும். ‘என்ன பிடிக்கவில்லை’ என்ற கேள்விக்குத்தான் வாய் திறக்கிறார்கள்.

படம் அசைவது, தொட்டால் மணியடிப்பது போன்றவை உதவுமா? சின்னப் பிள்ளைகளிடம் நடந்த 39 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. காகிதப் புத்தகத்தை அப்படியே திரையில் போட்டுக் குரலைச் சேர்த்தால் மட்டும் புரிதல் காகிதத்தைவிடக் குறைகிறது. கதையின் போக்கோடு சேர்ந்த கூடுதல்கள் இருந்தால் திரை முந்துகிறது. ஆனால் பெரியவர் ஒருவர் பேசிப் பேசிக் காகிதத்தில் வாசித்துக் காட்டினால், பிள்ளை தனியாகத் திரையில் பார்ப்பதை அது வென்றுவிடுகிறது. சொற்பொருள் காட்டும் வசதி புதிய சொல்லைக் கற்றுத்தந்தாலும் கதையின் இழையை அறுக்கிறது. விளையாட்டு கலந்த செயலியைப் பார்த்து மயங்கி வாங்குமுன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் தரும் புள்ளிவிவரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு புத்தகம் ‘முடித்ததாக’ ஒரு பெயர் இருந்தால் அந்தப் பிள்ளை விரலால் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, அதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தியாவில் 2005 முதல் ஏசர் என்ற கல்விக் கணக்கெடுப்பில் பயன்படும் வாசிப்புத் தாள் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாக இருக்கும், தமிழிலும் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

வீட்டுக்கும் இதை நீட்டலாம். ஏழு நாடுகளில் கைபேசியில் வாசிப்பவர்களிடம் விசாரித்து யுனெஸ்கோ 2014இல் வெளியிட்ட அறிக்கையில், மூன்றில் ஒருவர் பிள்ளைக்குக் கைபேசியிலிருந்து கதை வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். வாரம் ஒரு கதையை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், இரண்டு எம்பிக்குள் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு ஒலிப்பதிவோடு அனுப்புங்கள்.

இல்லாத புத்தகத்தை எழுதிக்கொள்வது

உங்கள் வட்டார மொழியில் எதுவுமே இல்லையென்றால் நீங்களே செய்யலாம். ஸ்டோரிவீவரிலும் ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக்கிலும் படக்களஞ்சியம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு படங்களை வரிசையாக எடுத்துவைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதினால் முதல் நிலைப் புத்தகம் தயார். ஏற்கெனவே உள்ள கதையை மொழிபெயர்ப்பதென்றால் மூலத்தைப் பார்த்து உங்கள் வாக்கியத்தை எழுதினால் போதும். பழக்கம் வந்தால் ஒரு மதியத்தில் முடியும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, ஆசிரியர் தன் மேடைத்தமிழை அதில் இறக்கிவிடுவது. ‘சிறுவன் மகிழ்ச்சியுற்றான்’ என்று எழுதினால் ஏழு வயதுக்கு அது அந்நிய மொழி. அதனால் வெளியிடும் பொத்தானை அழுத்துமுன் இரண்டாம் வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நன்றாக வாசிக்கும் ஒன்று, நடுத்தரம் ஒன்று, திணறும் ஒன்று. நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். இரண்டு பேர் ஒரே சொல்லில் நின்றால் அந்தச் சொல்லை மாற்றுங்கள். மூவரும் நின்றால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டு, படத்தைக் காட்டி ‘இங்கே என்ன நடக்குது?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.